துடைக்கக் கூடாத சுவர்

கிலாரனில் கிறிஸ்டி லோகன் கட்டிய வீடுகளுக்கு ஆபி வியூ என்று பெயர். ஆபி என்றால் மடாலயம். அது மேட்டுக்கு அந்தப் பக்கம், கூரை போய், காக்கை அடைந்து கிடக்கிறது. இங்கிருந்து எம்பிக் குதித்தாலும் கண்ணில் படாது. தெரிவதெல்லாம் தீவனக் கிடங்கின் முதுகுதான். வாங்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. கிறிஸ்டி கட்டியது என்றால் மறுபேச்சு ஏது? மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் ஆட்டத்துக்கான ஊர்க் கிளப்புக்கு அவன்தான் தலைவன், பையன்களுக்கு ஆட்டச் சட்டை எடுத்துக் கொடுப்பவன், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க முதலில் வந்து நிற்பவன். அப்படிப்பட்டவனிடம் போய், எங்கள் வீட்டுச் சுவருக்குள் என்னப்பா வைத்தாய் என்று கேட்க யாருக்கு நாக்கு எழும்?

மஜெல்லா கீவ்னிக்கு எழவில்லை. அவளும் புருஷன் எண்டாவும் காட்டோரத்துப் பழைய வீட்டை விற்றுவிட்டு, டாக்டருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று இங்கே வந்தவர்கள். எண்டா காலமெல்லாம் தீவன லாரி ஓட்டியவன். அந்தத் தூசி முழுவதும் அவன் நெஞ்சில் இறங்கியிருந்தது. முதல் குளிர்காலத்தில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கரும்புள்ளி தட்டியது. மஜெல்லா ப்ளீச் போட்டுத் துடைத்தாள். மறுவாரமே அது திரும்பி வந்து உட்கார்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் சுவர் பாதிக்குமேல் பூஞ்சை ஏறி, எண்டாவை இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. கால்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இன்னொரு குளிர்காலம் இவரை அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்கம்மா. வைச்சா, அதுக்கப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வர்ற வேலை உங்களுக்கு இருக்காது."

வேறெங்கே படுக்க வைப்பது? நாலு சுவரும் அதே சுவர்தான். விற்கலாம் என்றால் எந்த மடையன் வாங்குவான்? வாடகைக்குப் போகக் கையில் ஒன்றுமில்லை. வழி ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர் வந்து பார்த்து, இது கட்டினவன் குறை என்று எழுதினால் சுவரைப் பிரித்துச் சரி செய்து தந்தாக வேண்டும். அந்த உத்தரவாதமும் அக்டோபரோடு முடிகிறது.

எண்டாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

"கிறிஸ்டி மேலயா? அவனும் நானும் ஒண்ணா ஆடினவங்க மஜெல்லா. கவுண்டி ஃபைனல்ல என் மண்டை உடைஞ்சப்ப, தன் சட்டையைக் கிழிச்சுக் கட்டு போட்டவன் அவன்."

"இப்ப உன் நெஞ்சை உடைக்கிறானே, அதுக்கு எந்தச் சட்டையைக் கிழிக்கப் போறான்?"

"வாயைப் பாரு," என்பான் எண்டா. சிரிக்கப் போய் இருமல் வந்துவிடும். அத்தோடு பேச்சு முடிந்தது.

கடைசியில் புகார் எழுதிப் போட்டவள் பக்கத்து வீட்டு டிம்ப்னா ஹெவர்ன். டிம்ப்னாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெயின் ரோட்டில் சலவைக் கடை வைத்திருப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. அவன் பெட்டிக்கும் கிறிஸ்டிதான் முன்னால் தோள் கொடுத்தான். அவள் வீட்டுச் சுத்தம் ஊர்ப் பிரசித்தம். உள்ளே கால் வைக்குமுன் பாதிரியாரே குனிந்து தன் பூட்ஸை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். அவள் வீட்டில் தேநீர் குடித்தால் கோப்பையை மேஜையில் வைக்கப் பயமாக இருக்கும், மடியில் வைக்கவும் பயமாக இருக்கும். மஜெல்லாவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. "டிம்ப்னா சொர்க்கத்துக்குப் போனா, முதல்ல வாசல் கைப்பிடியைத் துடைச்சுட்டுதான் உள்ள நுழைவா," என்று எண்டாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

புகாரைப் பார்த்து, ஏப்ரலில் இன்ஜினியர் வந்தார். வந்து என்ன பயன்? அவர் வருகிறார் என்று தெரிந்த அன்றே ஆபி வியூவில் எல்லோருக்கும் பேய் பிடித்தது. டப்ளினிலிருந்து ஒருவர் படுக்கையறை வரைக்கும் வரப்போகிறார், வீடு இந்த லட்சணத்திலா இருப்பது? வீட்டுக்கு வீடு ப்ளீச் நாற்றம். ஒருத்தி சுவருக்கு வெள்ளை அடித்தாள், இன்னொருத்தி ஓதம் பிடித்த மூலையில் திருக்குடும்பப் படத்தை மாட்டினாள். மஜெல்லா தன் பங்குக்கு இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து, ஜன்னலையெல்லாம் திறந்து போட்டு, ஆப்பிள் கேக்கும் சுட்டு வைத்தாள். கோனல் என்ற அந்த இளைஞர் வீடு வீடாகப் போய்க் கேக் தின்றார். "இவ்வளவு நல்லா வெச்சிருக்கற வீடுகளை நான் பார்த்ததே இல்ல," என்று மனதாரப் பாராட்டினார். அதையே எழுதியும் அனுப்பினார். குறை ஏதும் தென்படவில்லை.

இப்படி ஒரு கூத்து உலகத்தில் வேறெங்காவது நடக்குமா என்று தெரியவில்லை. கழுத்தை நெரிப்பவன் வந்தால்கூட நாங்கள் முதலில் காலரை நேராக்கிக்கொள்கிற ஜனங்கள்.

அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு டிம்ப்னா அழுதாள் என்று மஜெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். வேலிக்கு மேலாகப் பார்த்தாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு டிம்ப்னா சொன்னாள்:

"நானும்தான் துடைச்சேன், மஜெல்லா. எல்லாருக்கும் முன்னாடி துடைச்சவ நான்தான். அந்தப் பையன் என் வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்தான். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. உன் புருஷன் செத்தா அந்தக் குளிர்ச்சிதான் காரணம்."

மனதில் இருப்பதை இப்படிப் போட்டு உடைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

டிம்ப்னா விடவில்லை. கோடை முழுக்கக் கம்பெனிக்குப் போன் போட்டாள். கடையில் ஒரு காதில் போனும் மறுகையில் இஸ்திரியுமாக நின்றாள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். அந்தப் பாட்டு முழுவதும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் அவள் தொல்லை தாங்காமல், உத்தரவாதம் முடிவதற்குமுன் இன்னொரு தடவை கோனலை அனுப்பச் சம்மதித்தார்கள். அக்டோபர் கடைசி வியாழக்கிழமை. இதோடு சரி, இனிமேல் கிடையாது.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, டிம்ப்னா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். தோட்ட மண் அள்ளுகிற வண்டி. அதையும் கழுவித்தான் கொண்டுவந்திருந்தாள்.

"ப்ளீச்சை எடு," என்றாள்.

"என்னது?" என்றாள் மஜெல்லா.

"ப்ளீச். பாத்ரூம்ல ஒண்ணு, சிங்குக்கு அடியில ஒண்ணு. பெயிண்ட் டப்பா இருந்தா அதையும் கொண்டா. அந்த ஆளு வந்துட்டுப் போறவரைக்கும் ஒருத்தியும் சுவத்துல கை வைக்கக் கூடாது."

"கக்கூஸுக்கு என்ன பண்றது?"

"கடையில வந்து கேளு. மூடியில ஊத்தித் தரேன்."

வண்டி நிறைய குலுங்கிக்கொண்டு பாட்டில்கள் போயின. ஆண்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். "டிம்ப்னா, என் பெண்டாட்டியையும் ஏத்திக்கோ, அவளும் வீரியமானவதான்!" என்று எதிர்வீட்டுக்காரன் கத்தினான். "அவளைக் கொண்டுபோனா நாளைக்கே சட்டைக்குப் பொத்தான் இல்லாம என் கடை வாசல்ல நிப்பே, போடா," என்றாள் டிம்ப்னா, திரும்பிப் பார்க்காமலே.

அந்தச் சில வாரங்கள் ஆபி வியூவுக்குக் கொடுமை. மழை விடாமல் பெய்தது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மஜெல்லா எண்டாவின் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தினாள். அங்கும் அவன் பின்னால் சுவர் கறுத்தது. ஒவ்வொரு காலையும் கை துருதுருக்கும். அப்போதெல்லாம் பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்வாள். டிம்ப்னாவின் சமையலறைச் சுவர் ஜன்னல் வழியே தெரிந்தது. தரையிலிருந்து உத்தரம் வரை கறுப்பு. அந்த வீட்டில், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டிம்ப்னா ரொட்டி தின்றாள். ஒரு நாள் அவள் தன் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மஜெல்லா பார்த்தாள். அதற்குப் பிறகு டிம்ப்னாவைப் பற்றி எண்டாவிடம் கேலி பேசவில்லை. தன்னால் பாதிகூட முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது கிறிஸ்டி லோகனின் அம்மா செத்துப்போனாள்.

தொண்ணூறு வயது தாண்டிய பொம்பளை, தூக்கத்திலேயே போய்விட்டாள். நல்ல சாவுதான். ஆனால் ஆபி வியூவுக்கு இடி விழுந்தது. செவ்வாய் மாலை வீட்டில் பார்வைக்கு வைக்கிறார்கள், புதன்கிழமை அடக்கம். வியாழக்கிழமை அவன் மேல் புகார் சொல்ல இன்ஜினியரைக் கூட்டி வருவதா? தாயைப் புதைத்த மண் காய்வதற்குள்? மஜெல்லாவின் கூடத்தில் எல்லோரும் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள். தள்ளிப் போடலாம். தள்ளிப் போட்டால் உத்தரவாதம் போய்விடும். போனால் போகட்டும், மனுஷத்தன்மை என்று ஒன்று இருக்கிறதே.

"தள்ளிப் போடுங்க," என்றான் எண்டா கட்டிலிலிருந்து. "அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மஜெல்லாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நீ முழிப்பதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டாமா? வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. எல்லோரும் டிம்ப்னாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நான் போய் ஹாம் வாங்கணும்," என்றாள். "சாண்ட்விச் பண்ண வேண்டாமா? சாவு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிறிஸ்டியின் வீட்டு வாசலில் வரிசை தெருவரைக்கும் நின்றது. டிம்ப்னாவும் மஜெல்லாவும் தட்டு தட்டாகச் சாண்ட்விச்சைச் சுமந்துகொண்டு போனார்கள். எண்டா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். வராமல் இருக்க மாட்டேன் என்றுவிட்டான். முன்னறையில் கிழவி ஜெபமாலை சுற்றிய கையோடு படுத்திருந்தாள். சுற்றிலும் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள். ஒவ்வொருவராகக் கை குலுக்கி, "உங்க துக்கத்துக்கு வருந்தறேன்" என்று சொல்லிக்கொண்டே நகர வேண்டும். கிறிஸ்டி எண்டாவைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். இரண்டு கிழட்டு ஆட்டக்காரர்களும் விசும்பினார்கள்.

டிம்ப்னா கிழவியின் நெற்றியைத் தொட்டாள். சிலுவை போட்டாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பார்த்தவர்கள் துக்கம் தாளாமல் சாய்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் நேரே சமையலறைக்குப் போய், கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிங்கைப் பிடித்தாள். ஊர் முழுக்க வந்து போகிற வீட்டில் கோப்பைக்கா பஞ்சம்? அவள் கழுவ, மஜெல்லா துடைத்து அடுக்க, மறுபடியும் தேநீர் போனது, மறுபடியும் அழுக்குக் கோப்பை வந்தது. லோகன் வீட்டுப் பெண்கள், "போதும், உட்காருங்க டிம்ப்னா" என்று கெஞ்சிப் பார்த்தும் அவள் நகரவில்லை. ஜெபமாலை சொல்லும்போது கூட ஈரக் கையோடு முட்டி போட்டு, முடிந்ததும் எழுந்து திரும்பவும் கழுவினாள். செத்துப்போன கிழவிக்காக அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் அந்தக் கிழவி கையால் ரொட்டி வாங்கித் தின்றவள்தானே.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கிறிஸ்டி சமையலறைக்கு வந்தான். கறுப்பு சூட், கண் சிவந்திருந்தது. மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆபி வியூக்காரர்கள் பாதி.

"டிம்ப்னா, உன்னை நான் மறக்க மாட்டேன்," என்றான். குரல் உடைந்தது. "நீங்க எல்லாம் வந்தீங்களே. நமக்குள்ள அந்த விவகாரம் இருந்தும் வந்தீங்களே. பெரிய மனசு."

"உங்க அம்மாவுக்காக வந்தேன் கிறிஸ்டி. நல்ல மனுஷி." டிம்ப்னா கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு மாதா கோயில்லயும் இருப்பேன், கல்லறையிலயும் இருப்பேன். நாளன்னிக்குப் பதினோரு மணிக்கு இன்ஜினியர் வர்றார். நீயும் வா."

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று மஜெல்லா வேண்டிக்கொண்டாள்.

"எங்கம்மா பக்கத்து ரூம்ல கிடக்கறா டிம்ப்னா," என்றான் கிறிஸ்டி மெதுவாக.

"ஆமா. நல்லா காஞ்ச ரூம்." அவள் குரலை உயர்த்தவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை. ஒரு சட்டையில் கறை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவள் மாதிரிதான் பேசினாள். "சுவத்துல கை வெச்சுப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருக்கு. வெளியில இப்படி ஊத்துது, ஒரு சொட்டு ஓதம் இல்ல. இதுவும் நீ கட்டின வீடுதானே? எனக்கு இத்தனை நாளா, உனக்குக் கட்டத் தெரியாதுன்னு நெனப்பு. அதனால பாவம்னு விட்டு வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, உனக்கு நல்லாவே தெரியும்."

டிம்ப்னா அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன் துக்கத்துக்கு வருந்தறேன்," என்றாள். அதையும் மனதாரத்தான் சொன்னாள். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினதும் எண்டா சொன்னான், "அவ பொம்பளையே இல்ல மஜெல்லா." அது திட்டா பாராட்டா என்று மஜெல்லாவுக்குப் புரியவில்லை. அவளுக்குள் எதுவோ எழுந்து நின்றது. பத்து ஆண்களுக்கு இல்லாத தைரியம் அந்தச் சலவைக்காரிக்கு இருக்கிறது என்று நினைத்தாள், அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, தன்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை எண்டாவுக்கு மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாள் மஜெல்லா. கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. ப்ளீச்.

எண்டா தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் நீலம் பாரித்து, நெஞ்சு விசிறிபோல் ஏறி இறங்க, மடியில் ஈரத் துணி. அவன் பின்னால் சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. படுக்கையறைச் சுவரும் அப்படியே. எங்கிருந்தோ ஒரு பாட்டில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான் பாவி.

"நேத்துதான்... அம்மாவைப் புதைச்சான்," என்றான், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "நம்ம வீடாவது... அவனைக் கேவலப்படுத்த வேண்டாம்னு..."

மஜெல்லா அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவனைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து, மருந்துக் குழலை வாயில் வைத்து உறிஞ்சவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உத்தரவாதத்தின் விதி அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு தனித்தனிக் கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற குறை உள்ள வீட்டுச் சுவரை மட்டும்தான் திறந்து பார்ப்பார்கள். ஊர் முழுக்கச் சுவரைச் சரி செய்துகொள்ளும். இவன் மட்டும் இந்தச் சுவருக்குள்ளேயே கிடந்து சாவான்.

பதினோரு மணிக்கு கோனல் வந்தார். கிறிஸ்டியும் வந்தான், அதே கறுப்பு சூட்டில். டிம்ப்னா தன் வீட்டுக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். வாசலில் அக்கம்பக்கத்தவர் எல்லாம் நின்றார்கள். மஜெல்லாவும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். கிலாரனிலேயே சுத்தமான வீடு, உள்ளே குகை மாதிரி கறுத்திருந்தது. டிம்ப்னாவின் முகம் சிவந்து, கழுத்துவரை சிவப்பு இறங்கியது. ஆனாலும் ஒதுங்கவில்லை. "உள்ள வாங்க, எல்லாரும் வாங்க, நல்லாப் பாருங்க," என்று அறை அறையாக விளக்கைப் போட்டுக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருத்தி ஒருத்தியாக அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

"இது வாழ்ற விதத்துல வர்றது சார்," என்றான் கிறிஸ்டி, கோனலிடம். பழகிப்போன பாடம், குரலில் உயிர் இல்லை. "துணியை வீட்டுக்குள்ள உலர்த்துவாங்க, ஜன்னலைத் திறக்க மாட்டாங்க..."

"நானா வீட்டுக்குள்ள உலர்த்தறேன்?" என்றாள் டிம்ப்னா. "உன் கோமணம் உட்பட ஊர்த் துணி மொத்தத்தையும் கடையில உலர்த்திக் கொடுக்கறவ நான்!"

வாசலில் குபீரென்று சிரிப்பு. கோனலும் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டு எழுதினார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கறுப்பு, அதே எழுத்து. யாரும் துடைக்கவில்லை. கடைசியாக மஜெல்லாவின் வீடு.

உள்ளே நுழைந்ததும் கோனல் சுவரைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், புரிந்துகொண்டார். நல்ல பையன்தான். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எனக்குத் தெரியுது. ஆனா கண்ணுல படாததை நான் எழுத முடியாது."

எண்டா கட்டிலில் இருந்தபடி கிறிஸ்டியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "அடக்கம் நல்லபடியா... நடந்துச்சே கிறிஸ்டி. பாதிரியார்... நல்லாப் பேசினாரு." இருமல் அவனை இரண்டாக மடித்துப் போட்டது.

அந்த இருமலைக் கிறிஸ்டி இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. கிளப்பில், தெருவில், கல்லறையில் பார்க்கும்போதெல்லாம் எண்டா எப்படியோ அடக்கிக்கொள்வான். இருமல் முடியும்வரை கிறிஸ்டி அசையாமல் நின்றான்.

டிம்ப்னா தரையில் கிடந்த ஈரத் துணியை எடுத்தாள். மஜெல்லா, இதோ எண்டாவைக் கிழித்துப் போடப் போகிறாள் என்று பயந்தாள். பல வாரம் தொடைக்கு அடியில் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அந்த உரிமை இருந்தது. டிம்ப்னா எண்டாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியைக் கொண்டுபோய்க் கிறிஸ்டியின் கையில் வைத்தாள்.

"உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு துடைச்சிருக்கான்," என்றாள். "இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு. இவன் உனக்குச் செஞ்சது இது. நீ இவனுக்கு என்ன செஞ்சேன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

கிறிஸ்டி துணியைப் பார்த்தான். வெளியே போனான். ஓடிவிட்டான் என்றுதான் மஜெல்லா நினைத்தாள். வேனின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் சுத்தியும் உளியும் இருந்தன. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். எண்டாவின் தலைமாட்டுச் சுவரிலிருந்து கட்டிலை இழுத்துவிட்டு, இடுப்புயரத்தில் உளியை வைத்து அடித்தான். யாரும் தடுக்கவில்லை. பூச்சு உதிர்ந்தது, கல் பெயர்ந்தது. தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் அதிலிருந்து குளிர்காற்று குபுகுபுவென்று அறைக்குள் வந்தது. அங்கெல்லாம் வெளிச்சுவரை உள்ளொன்று வெளியொன்றாக இரட்டையாகத்தான் எழுப்புவார்கள். அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் குளிரைத் தடுக்கும் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சிமெண்டுக் கட்டிகள்தான் கிடந்தன.

"எழுதிக்குங்க," என்றான் கிறிஸ்டி, கோனலிடம். "எல்லா வீட்டுலயும் இதேதான். நான் வைக்கல. வெச்சதாக் கையெழுத்துப் போட்டேன். பிரிச்சுக் கட்டித் தரேன். என் வீட்டை வித்தாவது கட்டித் தரேன்."

எண்டா ஓட்டைப் பக்கம் கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தான். "அடேய்," என்றான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. "அடேய் கிறிஸ்டி."

கிறிஸ்டி சுத்தியைப் பிடித்தபடி அழுதான். நேற்று கல்லறையில்கூட அப்படி அழவில்லை.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தேநீர் போடப் போயிருப்பார்கள். மஜெல்லாவே பாதி எழுந்துவிட்டாள். டிம்ப்னா மட்டும் நகரவில்லை.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"வசந்தம் வரைக்கும் ஆகும். ஒவ்வொரு வீடாத்தானே பிரிக்க முடியும்?"

"அதுவரைக்கும் இவன் எங்க படுப்பான்?"

கிறிஸ்டி தான் உடைத்த ஓட்டையைப் பார்த்தான்.

"உன் வீட்டை விக்க வேண்டாம் கிறிஸ்டி," என்றாள் டிம்ப்னா. "உங்கம்மா ரூமைக் கொடு."

அந்த அறையில் கிழவியின் படுக்கை இன்னும் மடிக்கப்படாமல் இருக்கும். அவள் செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கும். புதைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இப்படிக் கேட்க டிம்ப்னாவைத் தவிர இந்த உலகத்தில் எவளுக்கு வாய் வரும் என்று நினைத்தாள் மஜெல்லா. அந்த வாயை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு.

கிறிஸ்டி எண்டாவைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தான்.

"அவன் மருந்தையெல்லாம் எடுத்துக்கோ மஜெல்லா," என்றான். "வேன் வாசல்லதான் நிக்குது."